ஆளில்லாத் தீவின் வரலாறு



பல ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு தை மாதத்துக் காலைப் பொழுதில், பாம்பனுக்குத் தெற்கே ஒரு சிறு தீவின் மணற்கரையில் என் மாணவர் சிலரோடு நின்றுகொண்டிருந்தேன். உரிய அனுமதி பெற்று அங்கே சென்றிருந்தோம். வரலாற்றுப் பாடம் கற்பிக்கும் ஆசிரியன், கையில் ஒரு குறிப்பேட்டுடன், மரம் செடிகளையும் சிப்பி நண்டுகளையும் பார்த்துக்கொண்டு நிற்பது என் மாணவருள் ஒருவனுக்கு வேடிக்கையாக இருந்தது போலும். "ஐயா, இங்கு ஊர் இல்லை, கோட்டை இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆள் குடியிராத இடத்துக்கு வரலாறு ஏது?" என்று கேட்டான்.

அன்று அவனுக்கு நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஓய்வு பெற்ற பின்னர் கிடைத்த நேரத்தில், படித்தும் கேட்டும் அறிந்தவற்றைக் கொண்டு அதே விடையை இன்று உங்களுக்குச் சொல்ல முயல்கின்றேன். அத்தீவின் பெயர் குருசடை.

கதையை என் ஊரிலிருந்து தொடங்குவதற்கு நீங்கள் இசைய வேண்டும். காஞ்சிபுரத்தை அடுத்து, வேகவதி ஆற்றின் பக்கம் அமைந்தது திருப்பருத்திக்குன்றம். சமண காஞ்சி என்றும் அதனை வழங்குவர். பல்லவ மன்னன் சிம்மவர்மன் காலத்துப் பள்ளன்கோயில் செப்பேட்டிலேயே இவ்வூர்ச் சமணப் பள்ளிக்கு நிலம் அளித்த செய்தி உண்டு. இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலில், விசயநகரப் பேரரசின் அமைச்சரும் படைத்தலைவருமாகிய இருகப்பர் 1387-ஆம் ஆண்டளவில் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் கூரையைத் தலை நிமிர்ந்து பார்த்தால், தீர்த்தங்கரர்களின் வரலாறுகள் வரிசை வரிசையாக வண்ணத்தில் தீட்டப்பட்டிருப்பதைக் காணலாம். இளமையில் கழுத்து வலிக்கும்வரை அவற்றைப் பார்த்திருக்கின்றேன். இன்று அவற்றுட் சில மங்கின, சில சிதைந்தன. எந்தக் காட்சி எங்கே இருந்தது என்று ஐயம் எழும்போது நாங்கள் நாடுவது ஒரே நூலை. தி. நா. இராமச்சந்திரன் எழுதி, சென்னை அரசு அருங்காட்சியகம் தன் ஏடுகளின் வரிசையில் 1934-இல் வெளியிட்ட திருப்பருத்திக்குன்றத்துக் கோயில்கள் பற்றிய நூல் அது.

அந்த நூலைத் தேடி ஒரு நூலகத்துக்குச் சென்றபோதுதான், அதே அருங்காட்சியகத்தின் ஏடுகளுள் சில ஆண்டுகள் முந்திய மற்றொன்று என் கையில் அகப்பட்டது. மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றியது அது. வெளிவந்த ஆண்டு 1927. இரண்டும் வெளிவந்த காலத்தில் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர் ஒருவரே: பிரடெரிக் ஹென்றி கிரேவ்லி. என் ஊர்க் கோயிலின் கூரையையும், முன்பின் கேட்டிராத ஒரு தீவின் சேற்று நிலத்தையும் ஒரே மனிதர் ஏன் பதிவு செய்விக்க வேண்டும்? அந்தக் கேள்விதான் என்னைத் தெற்கே இழுத்துச் சென்றது.

தீவின் இருப்பிடத்தை முதலில் சொல்லிவிடுகின்றேன். இராமேசுவரம் தீவுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையை ஒட்டினாற்போல், மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் சங்கிலி போல் அமைந்திருந்தன. 'இருந்தன' என்று இறந்தகாலத்தில் சொல்வதற்குக் காரணம் பின்னர் விளங்கும். அச்சங்கிலியின் வடகோடியில், பாம்பன் கால்வாய்க்கு அணித்தாய் உள்ளது குருசடை. பரப்பு ஏறத்தாழ 65 ஹெக்டேர். அதாவது 160 ஏக்கர். நம் பக்கத்து ஏரிகளுட் பல இதனினும் பெரியவை. விவேகானந்தர் 1897 சனவரியில் மேனாட்டிலிருந்து திரும்பித் தாய்நாட்டு மண்ணில் கால் வைத்த குந்துகால் கரையிலிருந்து படகேறினால் இத்தீவை அடையலாம். அருகிலே புள்ளிவாசல், பூமரிச்சான் என்னும் வேறிரு தீவுகள். இம்மூன்றுக்கும் இடைப்பட்ட நீர் ஆழமற்றது, அலை அடங்கியது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடக்கே பாக் நீரிணை கொந்தளிக்கும்போது, இந்தப் பக்கம் குளம் போலக் கிடக்கும். காற்று தெற்கே திரும்பினால் நிலைமையும் தலைகீழாகும்.

இத்தீவுகள் பாறை மலைகள் அல்ல. பவழப் பூச்சிகள் என்று நாம் சொல்லும் மிகச் சிறிய உயிர்கள், தலைமுறை தலைமுறையாகத் தம் சுண்ணாம்புக் கூடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக விட்டுச் சென்றமையால் எழுந்த திட்டுகளின்மேல் மணல் சேர்ந்து உருவானவை. கடல் மட்டத்துக்கு மேல் சில முழ உயரமே உடையவை. சுற்றிலும் உயிருள்ள பவழப்பாறை அரண் போல் நின்று அலையைத் தடுக்கும் வரையில்தான் மணல் நிற்கும். அரண் போனால் மணலும் போகும். இந்த ஒரு செய்தியை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள்.

கடற்கரைக் கிறித்தவர் சிலுவை நாட்டிய சிறு கோயிலைக் குருசடி என்பர். தீவின் பெயர் அச்சொல்லை நினைவூட்டுகின்றது. யாரோ ஒரு காலத்தில் வந்து இறங்கி, தொழுது, திரும்பியிருக்கின்றனர் என்று எண்ண இடமுண்டு. அதற்கு மேல் அப்பெயரைக் கொண்டு கதை கட்ட நான் துணியேன்.

மனிதர் குடியேறாவிடினும் இக்கடலுக்கு அவர்கள் வராத காலம் இல்லை. முத்துக் குளிக்கவும் சங்கு குளிக்கவும் வந்தனர். கொற்கையில் சங்கை அறுத்து வளையல் செய்த தொழிலின் மிச்சங்களை மண்ணிலிருந்து எடுத்துக் காட்டியவர் ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கிலேயர். இவ்வளைகுடாவின் சங்குகள் வங்காளம் வரை சென்று, டாக்கா நகரத்துக் கைவினைஞர் கையில் மணமகளிர் வளைகளாயின. எங்கள் ஊர்க் கூரை ஓவியங்களுள் நேமிநாதர் வரலாறும் ஒன்று. அத்தீர்த்தங்கரரின் இலாஞ்சனம் சங்கு. கண்ணனின் பாஞ்சசன்னியத்தை அவர் எடுத்து ஊதினார் என்பது சமணர் வழங்கும் கதை. திருமணத்துக்கெனப் புறப்பட்டவர், விருந்துக்காக அடைத்து வைத்திருந்த விலங்குகளின் ஓலத்தைக் கேட்டுத் துறவு பூண்டார் என்பதும் அக்கதையே. குருசடைக் கரையில் ஒரு சங்கின் ஓட்டைக் கையில் எடுத்தபோது எனக்கு அந்த ஓவியம் நினைவுக்கு வந்தது. இது வரலாற்றுச் சான்று ஆகாது. ஒரு கிழவனின் நினைவு என்று கொள்க.

இனி, அறிஞர்கள் வந்த கதை. சென்னை அருங்காட்சியகத் தலைவராக 1885-இல் அமர்ந்த எட்கர் தர்ஸ்டன், இவ்வளைகுடாவின் முத்து, சங்குத் தொழில்களையும் கடலுயிர்களையும் பற்றி 1890-இல் ஒரு நூல் எழுதினார். குலங்களையும் குடிகளையும் பற்றி அவர் எழுதிய பெருந்தொகுதிகளை அறிந்தோர் பலர். பாம்பன் கரையில் அவர் சிப்பி பொறுக்கியதை அறிந்தோர் சிலரே. 1902-இல் இலங்கையின் முத்துப்பார்கள் ஏன் வறண்டன என்று ஆராய இங்கிலாந்திலிருந்து பேராசிரியர் ஹெர்ட்மன் வந்தார். அவருக்குத் துணையாக வந்தவரே மேலே சொன்ன ஹார்னெல். பின்னர் அவர் சென்னை மாகாணத்து மீன்வளத் துறைக்கு வந்து அதன் தலைவராகவும் உயர்ந்தார்.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. இந்த ஹெர்ட்மனும் அவர் நண்பர்களும் 1887-இல் தம் நாட்டில் ஒரு கடலாய்வு நிலையம் அமைக்க இடம் தேடியபோது, வேல்சு நாட்டின் கரையோரம், மெனாய் நீரிணையின் வாயிலில் உள்ள பபின் தீவு என்னும் ஆளில்லாச் சிறு தீவைத் தேர்ந்தனர். சில ஆண்டுகளில் அந்நிலையம் ஐரியக் கடலின் நடுவே உள்ள மான் தீவுக்கு, போர்ட் எரின் என்ற ஊருக்கு மாறிற்று. கிரேவ்லி தம் இளமையில் கடற்புழுக்களின் இளம்பருவத்தை ஆராய்ந்து எழுதியது அந்தப் போர்ட் எரின் கடலைப் பற்றித்தான். ஆதலால், ஆளில்லாத ஒரு தீவைப் பார்த்து 'இங்கு ஒன்றுமில்லை' என்று சொல்லாமல், 'இங்கு எதுவும் கலைக்கப்படவில்லை' என்று சொல்லும் பழக்கம் இவர்களுக்கு முன்னரே வாய்த்திருந்தது.

கிரேவ்லி கல்கத்தா அருங்காட்சியகத்தில் பணியாற்றி, 1920-இல் சென்னைக்கு வந்தார். 1940 வரை எழும்பூரில் தலைமை வகித்தார். குருசடையில் மீன்வளத் துறையின் ஆய்வு நிலையம் இருந்தது. தங்குவதற்கு ஒரு கூரை, படகு, பக்கத்திலேயே பவழப்பாறை, கடற்புல் வெளி, சேற்று நிலம், மணற்கரை, அலையாத்தி மரங்கள் ஆகிய அனைத்தும் ஒரு காலை நடைக்குள். கிரேவ்லியும் அவர் துணைவரும் அங்கு சென்று, கடல் வற்றும் நேரத்தில் கரைக்கும் நீருக்கும் இடைப்பட்ட பகுதியை அடி அடியாகத் துருவினர். கல்லைப் புரட்டினர், மணலைச் சலித்தனர், கண்டதைக் குப்பியிலிட்டுப் பெயர் எழுதினர். கடற்பஞ்சு, பவழம், புழு, நண்டு, சிப்பி, விண்மீன் எனப் பகுதி பகுதியாகப் பிரித்து, எது எந்த இடத்தில் கிடைத்தது என்று எழுதி அச்சிட்டனர். அதுதான் 1927-ஆம் ஆண்டின் அந்த ஏடு. அரியது எது, அழகியது எது என்று தேர்ந்தெடுத்து எழுதவில்லை, இருந்தவற்றையெல்லாம் எழுதினர். திருப்பருத்திக்குன்றத்து நூலையும் இராமச்சந்திரன் அவ்வாறே எழுதினார். அவரும் கிரேவ்லியும் சேர்ந்து கோயிற்கட்டடக் கலையின் மூவகைப் பாணிகளைப் பற்றி ஒரு நூல் செய்தனர் என்றால், அவ்விருவர் கண்ணும் ஒரே பயிற்சி பெற்றது என்பது விளங்கும்.

அத்தீவின் புகழுக்குக் காரணமான ஓர் உயிரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்லலாகாது. கல்லூரியில் விலங்கியல் பயில்வோருக்குப் பலனோகிளாசசு என்ற பெயர் தெரிந்திருக்கும். அதன் இனத்தைச் சேர்ந்த டைக்கோடெரா என்னும் மஞ்சள் நிறப் புழு குருசடையின் மணலில் வாழ்கின்றது. நீர் வற்றியதும் மணல் மேல், நாங்கூழ்ப் புழு கழித்த மண் போன்ற சுருள்களைக் காணலாம். சுருளுக்கு அருகே மெல்லத் தோண்டினால் புழு அகப்படும். மென்மை மிக்கது, இழுத்தால் அறுந்துபோகும். மருத்துவமனையில் புண்ணுக்கு இடும் அயோடபாரத்தின் நெடி அடிக்கும். பார்ப்பதற்கு இவ்வளவே.

ஆனால் இதன் உறவினத்தை வெட்டிப் பார்த்த வில்லியம் பேட்சன் என்னும் ஆங்கில அறிஞர் 1880-களில் வியப்புற்றார். புழுவுக்குத் தொண்டையின் இருபுறமும் மீனுக்கு உள்ளதுபோன்ற செவுள் பிளவுகள்! முன்புறத்தில் முதுகுநாண் போன்ற ஒரு சிறு தண்டு! முதுகெலும்பில்லாத உயிர்களுக்கும், நம்மைப் போன்ற முதுகுநாணுள்ள உயிர்களுக்கும் இடையே இது ஒரு பாலமோ என எண்ணி, அரைநாணிகள் என்று பெயரிட்டார். (மரபியலுக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவரும் இவரே, அது 1905-இல்.) அத்தண்டு உண்மையான முதுகுநாண் ஆகாது என்று பிற்கால அறிஞர் கண்டனர், இன்று இவ்வினத்தைக் கடல் விண்மீன்களின் நெருங்கிய உறவாகக் கொள்கின்றனர். செவுள் பிளவுகள் மட்டும் பழைய உறவுக்குச் சான்றாக நிற்கின்றன. பாடநூல் மாறியது, புழு மாறவில்லை.

இந்தப் புழுவை உயிரோடு காண நாட்டின் பல பகுதிக் கல்லூரிகளிலிருந்தும் மாணவர் குருசடைக்கு வந்தனர். உயிரியலாரின் சொர்க்கம் என்ற பெயரும் தீவுக்கு ஏற்பட்டது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தோன்றி, 1949-இல் மண்டபத்துக்கு வந்து அமர்ந்ததும் இப்பகுதிக்கு வலிமை சேர்த்தது. முத்துச்சிப்பியை வளர்த்துப் பார்க்கும் முயற்சியும் குருசடையில் நடந்தது. தூத்துக்குடிக் கடலில் 1961-க்குப் பின் பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1973-இல் தூத்துக்குடிப் பகுதியில் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து விளைவிப்பதில் நம் நாட்டு அறிவியலார் முதன்முதலாக வெற்றி கண்டனர்.

நன்று. இவ்வளவும் தீவுக்கு வந்தவர் கற்றுக்கொண்டு சென்ற கதை. எடுத்துக்கொண்டு சென்ற கதை வேறு.

பவழம் சுண்ணாம்பு. சுண்ணாம்பு வீட்டுக்கு வேண்டும், தொழிற்சாலைக்கும் வேண்டும். வள்ளங்களில் சென்று கடப்பாரையால் பவழப்பாறையைப் பெயர்த்துக் கரைக்குக் கொணர்ந்து, சூளையிலிட்டுச் சுட்டனர். கட்டடக் கல்லாகவும் பயன்படுத்தினர். மண்டபம் பக்கத்திலும் தூத்துக்குடிப் பக்கத்திலும் இருபதாம் நூற்றாண்டில் பல பதிற்றாண்டுகள் இத்தொழில் நடந்தது. தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகளின் பெயர்களைக் கேளுங்கள்: காரைச்சல்லி, விலாங்குசல்லி. சல்லி என்பது உடைந்த கல்; காரை என்பது சுவரில் பூசும் சுண்ணாம்பு. இச்செயலை ஏழைக் கூலியாட்கள் மேல் ஏற்றிப் பேசுவது எளிது. நான் அவ்வாறு பேச மாட்டேன். சுண்ணாம்பு வாங்கியவர் எல்லோரும் அதில் பங்காளிகள். சுவருக்கு வெள்ளையடித்தவரும் அதில் அடக்கம்.

முன்னர் நினைவில் வைக்கச் சொன்னது இப்போது பயன்படும். அரண் உடைந்தது; அலை நேரே மணலில் மோதிற்று; கடல் மட்டமும் உயர்ந்து வருகின்றது. தூத்துக்குடிக் கூட்டத்தின் விலாங்குசல்லியும், கீழக்கரைக் கூட்டத்தின் பூவரசன்பட்டியும் நீருக்குள் சென்றுவிட்டன. வான்தீவு 1986-இல் 16 ஹெக்டேர் இருந்தது. 2015-ஆம் ஆண்டளவில் 2 ஹெக்டேருக்கும் குறைந்தது. அதன் பின்னர் கடலடியில் செயற்கைப் பாறைத் தொகுதிகளை இறக்கி அதனைக் காக்க முற்பட்டனர். காரைச்சல்லியும் வேகமாகத் தேய்ந்து வருகின்றது.

1964 திசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி நாம் எல்லோரும் கேட்டிருக்கின்றோம். அங்கே மனிதர் மாண்டனர்; புகைவண்டி கவிழ்ந்தது; ஆதலால் நாடே அழுதது. இரண்டு தீவுகள் முழுமையாக மூழ்கியதற்கு ஒரு பள்ளிக்கூடம்கூட மணி அடிக்கவில்லை. அழுவதற்கு அங்கே ஆள் இல்லை. குருசடைக்குக் கிடைத்ததுபோல் ஒரு தனி ஏடும் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. விலாங்குசல்லியின் மணலில் எந்தப் புழு வாழ்ந்தது, எந்தப் பாறையின் அடியில் எந்த நண்டு ஒளிந்தது என்று இன்று யாரை நாம் கேட்பது?

அரசு வாளாவிருந்தது என்று சொல்லுதல் ஆகாது. 1986-இல் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் சேர்ந்து தேசியக் கடற்பூங்காவாயின. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. 2001-இல் பவழங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆவுளியா என்று மீனவர் சொல்லும் கடற்பசுவுக்கும், கடல் அட்டைக்கும் காவல் உண்டாயிற்று. இக்காவலால் தம் பிழைப்பு சுருங்கியது என்று கரையோர மக்கள் சொல்லும் குறையையும் தள்ளிவிட இயலாது. கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் அவ்வூர்களில் பலர். அவர்களுக்கு மாற்று வாழ்வு காட்டும் நோக்கமும் சேர்ந்தே, கப்பாபைகசு என்னும் அயல்நாட்டுப் பாசி பாக் நீரிணைப் பக்கத்தில் பயிரிடப்பட்டது. பிலிப்பைன்சு நாட்டுக் கடல்களுக்கு உரிய பாசி அது. 2008-இல், குருசடையின் உயிருள்ள பவழத்தின் மேல் அப்பாசி போர்வை போல் படர்ந்து மூச்சை அடைப்பதை ஆய்வாளர் கண்டு வெளியிட்டனர். வனத்துறையினர் கையாலேயே அதனைப் பறித்தகற்ற வேண்டியதாயிற்று. பறித்த இடத்தில் மீண்டும் முளைத்தது. அதற்கு முன்னும் பின்னுமாக, 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறிப் பவழங்கள் வெளுத்தன. ஒருவரும் குடியேறாத தீவைத் தொலைவில் இருப்போர் செயல் எவ்வளவு தொடுகின்றது, பாருங்கள்!

இந்தப் படர்ச்சியையும் வெளுப்பையும் இழப்பு என்று அளந்து சொல்ல இன்றைய ஆய்வாளர்க்கு ஓர் அடிக்கோல் வேண்டும். 'முன்பு இங்கு என்ன இருந்தது?' என்ற கேள்விக்குக் குருசடையைப் பொறுத்தவரை விடை உண்டு. அது 1927-இல் அச்சேறியது. எங்கள் ஊரில் சங்கீத மண்டபத்தின் கீழ் நின்று, மங்கிய ஓவியத்தையும் 1934-இன் நூலில் உள்ள படத்தையும் மாறி மாறிப் பார்த்து, 'இங்கே ஒரு யானை இருந்தது, இங்கே ஒரு பல்லக்கு' என்று சிறுவர்க்குச் சுட்டிக் காட்டும்போது நான் செய்வதும் அதே வேலைதான்.

கேள்வி கேட்ட மாணவன், அன்று திரும்பும்போது படகில் தன் குறிப்பேட்டைத் திறந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். கரையில் கண்டவற்றை ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு எழுதியிருந்தான், பதினேழு இருந்தன. பெயர் தெரியாதவற்றுக்குப் படம் வரைந்திருந்தான். பக்கத்தின் மேல் நாளையும், நீர் வற்றியிருந்த நேரத்தையும் குறித்திருந்தான். உங்களுள் எவரேனும் குருசடைக்குச் செல்ல வாய்த்தால், வனத்துறையின் இசைவைப் பெறுங்கள்; கல்லையோ சிப்பியையோ எடுத்து வராதீர்கள்; புறப்படுவதற்கு முன், கடல் வற்றும் நேரம் எது என்று படகோட்டியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு அது துல்லியமாகத் தெரியும்.